‘ஃபார்மேட்’ பொத்தானைத் தொடாதீர்கள்! தொலைந்தது வெறும் 64 பைட்டாக இருக்கலாம்

(திரையில்: விண்டோஸின் ஃபார்மேட் எச்சரிக்கை)

வணக்கம். ஹார்ட் டிஸ்க்கைச் செருகியதும் ‘பயன்படுத்தும் முன் ஃபார்மேட் செய்ய வேண்டும்’ என்று விண்டோஸ் கேட்கிறதா? ‘இனிஷியலைஸ் செய்யவா?’ என்கிறதா? இரண்டையும் ரத்து செய்யுங்கள். டிஸ்க்கைக் கழற்றி மேசைமேல் வையுங்கள். குழந்தையின் முதல் பிறந்தநாள் படங்களும் அப்பாவின் குரல் பதிவும் பெரும்பாலும் அதற்குள்ளேயே பத்திரமாக இருக்கின்றன.

நான் இப்போது சொன்ன ‘வணக்கம்’ என்ற சொல்லை, எழுத்துகளைக் கணினியில் பதியும் யூ.டி.எஃப்-8 முறையில் சேமித்தால் 21 பைட் ஆகும். இடைவெளி விடாமல் மூன்று முறை எழுதினால் 63. அதைவிட ஒரே ஒரு பைட் பெரிய இடத்தில்தான் பழைய முறை டிஸ்க் ஒன்றின் பார்ட்டிஷன் (டிஸ்க்கைப் பிரித்து வைத்திருக்கும் பகுதி) அட்டவணை முழுவதும் அடங்கியிருக்கிறது! எந்தப் பார்ட்டிஷன் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம், என்ன வகை என்ற விவரம், ஒன்றுக்கு 16 பைட் வீதம் நான்கு வரி. அந்த 64 பைட் கெட்டால் 1 டி.பி. டிஸ்க்கும் காலி மனைபோலத் தெரிகிறது.

வரலாற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். எம்.பி.ஆர். (மாஸ்டர் பூட் ரெக்கார்ட்) என்ற இந்தப் பழைய முறை 1983-இல் டாஸ் 2.0 உடன் வந்தது. வழக்கமான 512 பைட் செக்டரில் (டிஸ்க் தரவைப் பிரித்து எழுதும் சிறு துண்டு) அதன் கணக்கு 2 டி.பி.க்கு மேல் எட்டாது. அதனால் ஜி.பி.டி. என்ற புதிய அட்டவணை முறை வந்தது; அது அட்டவணையின் இன்னொரு பிரதியை டிஸ்க்கின் கடைசியிலும் வைத்துக்கொள்கிறது. போதும்.

(திரையில்: சி.எஸ்.எம்.டி. ரயில் நிலைய நடைமேடை)

மும்பை சி.எஸ்.எம்.டி.யில் நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பெல்லாம் பெட்டி வாசலில் முன்பதிவுப் பட்டியல் ஒட்டுவார்களே, அதை யாரோ கிழித்துவிட்டார்கள். உள்ளே இருப்பவர்கள் மறைந்துவிடுவார்களா? அவரவர் இருக்கையில் புளிசாதப் பொட்டலத்தோடு உட்கார்ந்துதான் இருப்பார்கள். டிக்கெட் பரிசோதகர் ஒவ்வோர் இருக்கையாகப் போய்க் கேட்டால் பட்டியலை மறுபடி எழுதிவிடலாம். டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச மென்பொருள் இதைத்தான் செய்கிறது. டிஸ்க்கைத் தேடிக்கொண்டே போய், ‘இங்கே ஒரு பார்ட்டிஷன் தொடங்கியதற்கான அடையாளம் இருக்கிறது’ என்று கண்டுபிடிக்கிறது. விண்டோஸ் கோப்புகளை அடுக்கும் முறையான என்.டி.எஃப்.எஸ். பார்ட்டிஷனின் முதல் செக்டரில் அந்தப் பெயரே எழுதியிருக்கும். அதன் நகல் பார்ட்டிஷனின் கடைசி செக்டரிலும் இருக்கும். தலை போனாலும் வாலைப் பிடித்து மீட்கலாம். இதை எழுதி இலவசமாகக் கொடுத்த கிறிஸ்டோஃப் கிரெனியேக்கு நான் மனமார நன்றி சொல்கிறேன்.

ஆனால் டெஸ்ட்டிஸ்க்குக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. டிஸ்க் ‘டக், டக்’ என்று தட்டுகிறதா? உடனே நிறுத்துங்கள். அதன் படிப்பு முனை தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில் பறக்கிறது. அது உரசத் தொடங்கினால் எந்த மென்பொருளும் உதவாது. தூசியில்லாத அறை உள்ள ஆய்வகத்துக்குத்தான் போக வேண்டும். சத்தம் இல்லையென்றால், டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் விவரத்தில் மோசமான செக்டர்கள் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, முழு டிஸ்க்கையும் இன்னொரு டிஸ்க்கில் இமேஜாக, அதாவது அப்படியே முழு நகலாக, எடுங்கள். லினக்ஸில் ஜி.என்.யூ. டி.டி.ரெஸ்க்யூ இதற்கென்றே இருக்கிறது. எளிதில் படிக்க முடிந்த பகுதிகளை முதலில் நகலெடுத்துவிட்டு, அடம்பிடிக்கும் பகுதிகளுக்குப் பிறகு திரும்பி வரும். எதுவரை முடித்தது என்று ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொள்வதால், மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். கட்டளையில் முதலில் மூல டிஸ்க், அடுத்து இலக்கு. தயவுசெய்து இரண்டு முறை சரிபாருங்கள்! அதன்பின் எல்லாச் சோதனையும் அந்த நகலில்தான்.

டெஸ்ட்டிஸ்க்கில் ‘அனலைஸ்’, பிறகு ‘குவிக் சர்ச்’. பார்ட்டிஷன் தெரிந்ததும் ‘பி’ விசையை அழுத்தினால் உள்ளே இருக்கும் கோப்புகளின் பெயர்கள் வரும். பெயர்களைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அட்டவணையை எழுதும் ‘ரைட்’. பார்ட்டிஷனே சிக்கவில்லையென்றால் கோப்புகளை நேரடியாகத் தேடியெடுக்கும் போட்டோரெக் இருக்கிறது, ஆனால் கோப்புகளின் பழைய பெயர்கள் திரும்பி வராது.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். தாராவியில் ஸ்டூடியோ வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், “தம்பி, டிஸ்க் காலி என்கிறார்கள். கல்யாண ஆல்பம் எல்லாம் அதில்தான் இருக்கிறது” என்றார். அவருடைய வெளிப்புற டிஸ்க்கின் யூ.எஸ்.பி. பலகை பழுதாகியிருந்தது. உள்ளிருந்த டிஸ்க்கைக் கழற்றி நேரடியாகக் கணினியில் இணைத்திருக்கிறார்கள். டிஸ்க்கை உள்ளே வைத்து யூ.எஸ்.பி.யில் இணைக்கும் அந்தப் பெட்டிகளில் சில, 512 பைட் செக்டர்களை 4096 பைட் செக்டர்கள் என்று கணினிக்குக் காட்டும். பார்ட்டிஷன் அட்டவணை இடத்தை பைட்டில் எழுதுவதில்லை, செக்டர் எண்ணில் எழுதுகிறது. பெட்டிக்குள் 256-ஆவது செக்டரில் தொடங்கிய பார்ட்டிஷன், வெளியே எடுத்ததும் 2048-ஆவது செக்டராகிவிடுகிறது. அட்டவணையோ இன்னும் 256 என்றே சொல்கிறது. ஒரு பைட்கூட மாறவில்லை, அளவுகோல்தான் மாறியது! அதே மாதிரிப் பெட்டியில் மறுபடி போட்டதும் ஆல்பம் முழுவதும் திறந்தது. சில பெட்டிகள் தரவை மறையாக்கம் (என்கிரிப்ஷன்) செய்து பூட்டியும் எழுதுகின்றன. ஆகவே பழைய பெட்டியைத் தூக்கிப் போடவே போடாதீர்கள்.

எஸ்.எஸ்.டி. என்றால் கதை வேறு: ஃபார்மேட் கொடுத்ததும், ‘இந்த இடம் இனி வேண்டாம்’ என்று சொல்லும் டிரிம் கட்டளை போய்விட்டால், மீட்க அநேகமாக எதுவும் மிஞ்சாது.

மும்பையின் கணினிக் கடைத்தெருவான லாமிங்டன் சாலைக்குக் கொண்டுபோகிறவர்கள் கடைக்காரரிடம் முதலில் சொல்ல வேண்டியது, “பையா, ஃபார்மேட் மத் கர்னா, பஹலே இமேஜ் லே லேனா.” (அண்ணா, ஃபார்மேட் செய்யாதீர்கள், முதலில் இமேஜ் எடுங்கள்.) அவர் தயங்கினால், டிஸ்க்கை வாங்கிக்கொண்டு அடுத்த கடைக்கு நடங்கள். இமேஜ் எடுக்காமல் மீட்புக்கு இறங்குபவரிடம் ஒரே பிரதியைக் கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

உங்கள் திரையில் என்ன செய்தி வருகிறது, டிஸ்க் எத்தனை டி.பி., யூ.எஸ்.பி. பெட்டியா நேரடி இணைப்பா, இந்த மூன்றையும் கீழே எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்கிறேன்.