வாலேஸ்வரன் என்றொரு பெயர்

எல்லோருக்கும் வணக்கம். வ.உ.சி.யைப் பற்றிப் பேச வேண்டும் என்று கூப்பிட்டபோது, கப்பல் கதையை விட்டுவிடலாமா என்று கேட்டேன். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளுக்கே அந்தக் கதை தெரியும். 1906-இல் கப்பல் கம்பெனி பதிவானது, மறுவருடம் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களும் வந்து சேர்ந்தன, 1908 மார்ச்சில் கைது, ஜூலையில் இரட்டை ஆயுள் தண்டனை. சரி, அது அங்கேயே இருக்கட்டும். எனக்கு அவர் வீட்டுக்குள் போய்ப் பார்க்க ஆசை. அந்த மனிதருக்கும் மனைவி இருந்தார், பிள்ளைகள் இருந்தார்கள், மாதம் பிறந்தால் வாடகை கொடுக்க வேண்டியிருந்தது.

ஒட்டப்பிடாரத்தில் வக்கீல் தொழில் பார்த்த காலத்தில், கண் தெரியாத ராமையா தேசிகர் என்பவரை வீட்டோடு வைத்துக்கொண்டார். முதல் மனைவி வள்ளியம்மைதான் அவருக்குச் சோறு போட்டவர். ஊர் சும்மா இருக்குமா? சாதி பேசியது. அந்த அம்மாள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வ.உ.சி. தன் சுயசரிதையைச் செய்யுளாகவே எழுதியவர். மனைவியின் இந்தக் குணத்தை அதில் பாடியும் வைத்திருக்கிறார். வள்ளியம்மை இளவயதிலேயே போய்விட்டார். அப்புறம் வந்தவர் மீனாட்சி அம்மாள்.

என் அம்மா சொல்வாள்: "தருமம் பண்ணுகிறவனுக்குப் பெண் கொடுக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை யோசிக்கணும்." மீனாட்சி அம்மாளை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பேச்சுதான் ஞாபகம் வருகிறது. 1908 பிப்ரவரியில் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி நின்ற குடும்பங்களுக்கு அடுப்பு எரிய வழி தேடி அலைந்தவர் வ.உ.சி. தொழிலாளர்கள் ஜெயித்தார்கள். கொஞ்ச நாளில் அவரைப் பிடித்து உள்ளே போட்டார்கள். தண்டனையைக் கேட்ட அதிர்ச்சியில் தம்பி மீனாட்சிசுந்தரத்துக்குப் புத்தி பேதலித்தது. கடைசிவரை சரியாகவே இல்லை. கோயம்புத்தூரிலும் கண்ணனூரிலும் வீட்டுக்காரர் சிறையில் இருக்க, வெளியே இத்தனையையும் தாங்கியது ஒரு பெண். செக்கிழுத்த செம்மல் என்று மேடைக்கு மேடை சொல்கிறோம். இந்த அம்மாளுக்கு நாம் ஒரு பட்டமும் கொடுக்கவில்லை.

மேல்முறையீட்டில் தண்டனை குறைந்து 1912 டிசம்பரில் வெளியே வந்தார். வக்கீல் தொழில் பார்ப்பதற்கான உரிமமான சன்னது போயிருந்தது. கம்பெனி இல்லை. சென்னைக்கு வந்து அரிசி விற்றார், மண்ணெண்ணெய் விற்றார். வியாபாரத்தில் அவருக்குச் சாமர்த்தியம் போதாது என்று எனக்குத் தோன்றும். உழைப்பில் குறை சொல்ல முடியாது. பகலில் கடைக்கணக்கு, மற்ற நேரத்தில் பழைய ஏடுகள். 1917-இல் திருக்குறள் அறத்துப்பாலுக்கு மணக்குடவர் உரையைப் பதிப்பித்தாரே, அதுவும் இந்தப் பஞ்ச காலத்தில்தான். அந்த நிலையிலும் வீட்டில் இன்னோர் இலை விழுந்தது. சகஜானந்தர் என்ற இளந்துறவியை வீட்டில் தங்கவைத்துத் தமிழ் சொல்லிக்கொடுத்தார். பிறகு சிதம்பரத்தில் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காகப் பள்ளி நடத்திய சகஜானந்தர்தான் அவர்.

கொடுக்கத் தெரிந்தவர்களில் பலருக்கு வாங்கத் தெரியாது. கை நீட்ட வேண்டி வந்தால் கூனிக் குறுகிப் போவார்கள், இல்லையென்றால் எரிச்சல்படுவார்கள். வ.உ.சி. இதில் வேறு மாதிரி. தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்கென்று திரட்டிய பணம் காந்தியிடம் வந்திருந்தது. 1915-இல் காந்திக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதிக் கேட்டார். இப்போதைய நிலையில் அந்தப் பணத்தை வேண்டாம் என்றால் எனக்கும் என் குடும்பத்துக்கும் தவறு செய்தவனாவேன் என்ற கருத்தில் ஒளிக்காமல் எழுதினார். கப்பல் கம்பெனிக்கு லட்சக்கணக்கில் மூலதனம் திரட்டிய கை அது. கடைசியில் வந்தது 347 ரூபாய் 12 அணா. அந்தக் கடிதங்களில் எனக்கு வீரர் தெரியவில்லை. வீட்டில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு தபால்காரனை எதிர்பார்க்கிற ஒரு தகப்பன் தெரிகிறார்.

வாங்கியதை அவர் திருப்பிக் கொடுத்த விதம் இருக்கிறதே, அதைச் சொல்லத்தான் இன்றைக்கு வந்தேன். கையில் காசில்லை. என்ன செய்தார்? பிள்ளைகளுக்குப் பெயர் வைத்தார். தென்னாப்பிரிக்காவிலிருந்து உதவியவர் வேதியப் பிள்ளை. ஒரு மகள் வேதவல்லி ஆனாள். கோவையில் துணை நின்றவர் சி.கே.சுப்பிரமணிய முதலியார், பெரியபுராணத்துக்கு உரை எழுதினாரே அவர்தான். ஒரு மகன் சுப்பிரமணியம் ஆனான். அப்புறம் வாலஸ். வெள்ளைக்கார நீதிபதி. திருநெல்வேலிச் சீமையில் வேலை பார்த்தபோதே வ.உ.சி.யை அறிந்தவர். பறிபோன சன்னது திரும்பக் கிடைத்தது அவரால். வெள்ளைக்காரன் கம்பெனியை எதிர்த்துக் கப்பல் விட்டவர், வெள்ளைக்காரன் சிறையில் மாடாக உழைத்தவர், தன் பிள்ளைக்கு வாலேஸ்வரன் என்று பெயரிட்டார். வாலஸோடு ஈஸ்வரனையும் ஒட்டவைத்த குறும்பைப் பாருங்கள்! யாரிடம் சண்டை, யாரிடம் நன்றி என்பதில் அவருக்குக் குழப்பமே இருந்ததில்லை. சாப்பிட வா, பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது என்று பிள்ளைகளைக் கூப்பிடும்போதெல்லாம் அந்த வீட்டில் பழைய உதவி ஒன்று ஞாபகத்துக்கு வந்திருக்கும்.

சன்னது கிடைத்ததும் கோவில்பட்டியில் தொழிலைத் தொடங்கினார். பிறகு தூத்துக்குடிக்கே திரும்பினார். வயதும் ஏறிவிட்டது, பழைய வருமானம் திரும்பவில்லை. தொல்காப்பியம் இளம்பூரணர் உரையைப் பதிப்பிக்கும் வேலை மட்டும் ஓயவில்லை.

1936-இல், நோயில் விழுந்த பிறகு, உயில் எழுதிவைத்தார். வக்கீல் அல்லவா, ஒன்றும் விடுபடவில்லை. சொத்து என்று எழுதப் பெரிதாக ஒன்றுமில்லை. பாக்கிகளைத்தான் வரிசையாக எழுதினார். வீட்டு வாடகை பாக்கி. சில்லறைக் கடன். எண்ணெய்க் கடை பாக்கி. நவம்பர் 18-ஆம் தேதி இறந்துபோனார். கடைக்காரரின் பெயரும் தொகையும்கூட அந்த உயிலில் இருக்கின்றன.