சபையைத் தாங்குனது அடுப்படிதானுங்க

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிர்ல உக்காந்து என்னைய பாத்து சிரிச்சுட்டு இருக்குற எதிரணி அண்ணன்மாருக்கும், நம்ம ஈரோட்டு சபை மக்கள் எல்லாருக்கும் ஸ்தோத்திரமுங்க. "சபையைத் தாங்குவது பிரசங்க மேடையா, அடுப்படியா"ன்னு தலைப்பு குடுத்திருக்கீங்க, நான் அடுப்படின்னு பேச வந்திருக்கறனுங்க. எங்கிட்ட இருக்குற பெரிய சாட்சி எங்கம்மாதான்.

எனக்கு முன்னால பேசுன அண்ணன், பைபிள்ல வீட்டுக்கு வந்த இயேசுவுக்குப் பந்தி வேலை பாத்த மார்த்தாளை இழுத்தாரு. "நீ அநேக காரியங்களைக்குறித்துக் கவலைப்பட்டுக் கலங்குகிறாய்"ன்னு ஆண்டவரே கண்டிச்சுட்டாரேன்னாரு. அப்பறம் அப்போஸ்தலர் 6ஐ எடுத்து, "நாங்கள் தேவவசனத்தைப் போதியாமல், பந்திவிசாரணைசெய்வது தகுதியல்ல"ன்னு இயேசுவோட சீஷருக பன்னெண்டு பேருமே சொல்லிட்டாங்கன்னு முடிச்சாரு, கைதட்டும் நல்லாத்தான் விழுந்துச்சு. ஆனா அண்ணா, அடுத்த வசனத்தையும் படிச்சிருக்கோணுமுங்க. பந்தி பாக்கறதுக்கு எப்பிடிப்பட்ட ஆளு வேணும்னு கேட்டாங்க? "பரிசுத்த ஆவியும் ஞானமும் நிறைந்து, நற்சாட்சி" பெத்திருக்குற ஏழு பேரு வேணும்னாங்க. சும்மா சோறு போடறதுக்கு எதுக்குங்க பரிசுத்த ஆவி? அந்த லிஸ்ட்ல மொதப் பேரே ஸ்தேவான், கிறிஸ்தவ சபையோட மொத ரத்தசாட்சி, அவரு பந்தி விசாரிக்க வந்தவருதானுங்க. அந்த சண்டை எதுனால வந்துச்சுன்னும் அண்ணன் சொல்லல, கிரேக்க விதவைகளை அன்றாட விசாரணையில சரியா கவனிக்கலீன்னு வந்த சண்டை. யாருக்கு சோறு, யாருக்கு இல்லைன்னு சோத்துல பாகுபாடு வந்துச்சு, அதைத் தீக்கத்தான் இவ்வளவு பெரிய ஏற்பாடு.

இதை எதுக்கு சொல்றன்னா, நம்ம கொங்கு நாட்டுல சோத்துல பாகுபாடுன்னா என்னன்னு யாருக்கும் வெளக்கோணுங்கறது இல்லீங்க. டீக்கடையில தனி டம்ளர் வெச்ச ஊருங்க நம்மூருக. எங்க வீடு மிஷன் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல, அந்தியூர், பர்கூர் மலை, சத்தி, தாளவாடின்னு எங்கெங்கிருந்தோ நோயாளியைக் கூட்டிட்டு வர்ற சனம், உள்ள ஒரு ஆளு படுத்திருந்தா கூட வந்தவங்க வெளிய மரத்தடியில பொழுதோட சுருண்டு கெடப்பாங்க. எங்கம்மா சும்மா போறமாதிரி போயி கூட்டிட்டு வந்துரும். ஒரு தடவை மலையில இருந்து வந்த ஒரு பெரியவரு, வீட்டு வாசல்லயே துண்டை எடுத்து இடுப்புல கட்டிட்டு உக்காந்துட்டாரு, உள்ள வரமாட்டீங்கறாரு, "எனக்கு எலையில போட்டு இங்கயே வெச்சுருங்கம்மா, வட்டல் வேண்டாமுங்க"ன்னாரு. எங்கம்மா ஒண்ணும் வாதாடல, அரிசியும்பருப்பு சோத்துப் போசியைத் தூக்கிட்டு வந்து அவரு பக்கத்துல வாசல்லயே உக்காந்துருச்சு, ரெண்டு வட்டல்லயும் சோத்தைப் போட்டு நெய்யை ஊத்துச்சு, "அப்ப நானும் இங்கயே உண்கறனுங்க, உள்ள ஃபேன் இருக்குது, உங்களுக்கு எப்பிடி வசதியோ"ன்னுச்சு. அவரு எந்திரிச்சு உள்ள ஆசாரத்துக்கு, அதான் வீட்டு முன்கூடத்துக்கு, வந்துட்டாரு. "யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லை"ன்னு மேடையில எத்தனையோ தடவை கேட்டிருக்கறனுங்க, எனக்கு அர்த்தம் புரிஞ்சது அன்னைக்குத்தான்.

இதுல எங்களுக்கு சந்தோசமான்னு கேட்டா இல்லீங்க, உண்மையைச் சொல்லிப்போடறேன். எங்கப்பா விசைத்தறிக்குப் போற ஆளு, வருமானம் அளவாத்தான் வரும், வந்தவங்களுக்கு முட்டை வெச்சா எங்களுக்கு ரசந்தான், நானும் தம்பியும் முனகிட்டே திம்போம். அதுலயும் எங்கம்மா ஒலையில அரிசி போடறதுக்கு முன்னால ஒரு பிடி அள்ளி டப்பாவுல போடும். பிடியரிசிக் காணிக்கை, சபைப் பொம்பளைகளுக்குத் தெரியும். ஞாயித்துக்கெழமை அது கோயிலுக்குப் போகும், ஊழியத்துக்கு ஆகும். எதிரணி அண்ணன்மாரே, நீங்க புகழுற மேடைக்கும் அரிசி அடுப்படியில இருந்துதானுங்க போச்சு! மிஷனரி பிரப் ஐயா ஆஸ்திரேலியாவுல இருந்து நம்மூருக்கு வரலீன்னா நீங்க ஏதுன்னு கேட்டீங்க, நாயமான கேள்வி, அவரு பேரைச் சொல்லித்தான் சனம் ஒரு ரோட்டையே கூப்பிடுது. ஆனா அவரு கட்டுச்சோறு கட்டிட்டா வந்தாருங்க? யாரோ ஒருத்தி ஆக்கிப் போட்டிருப்பா, அவ பேருல சந்து கூட இல்ல.

மார்த்தாளுக்கு வர்றேன். "நீர் ஜீவனுள்ள தேவனுடைய குமாரனாகிய கிறிஸ்து"ன்னு சீஷன் பேதுரு அறிக்கை பண்ணுனதை எல்லாரும் சொல்றோம். யோவான் 11ல அதே அறிக்கையைப் பண்ணுனது யாரு? மார்த்தாள். கரிச்சட்டி புடிச்ச கைதானுங்க. உயிர்த்தெழுந்த ஆண்டவரு கடற்கரையில என்ன பண்ணிட்டு இருந்தாரு? கரிநெருப்பு போட்டு மீன் வெச்சுட்டு, "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்"னாரு. பேதுருகிட்ட "என் ஆடுகளை மேய்ப்பாயாக"ன்னு சொன்னதெல்லாம் அவங்க உண்டு முடிச்சதுக்கு அப்பறம்.

எங்கம்மா அடக்க ஆராதனைக்கு, எங்களுக்கு யாருன்னே தெரியாத சனம் வந்துச்சுங்க. ஒரு அக்கா ஒரு எவர்சில்வர் போசியை நீட்டி, "அம்மா சோறு குடுத்துட்ட போசிங்க, திருப்பிக் குடுக்கோணும் குடுக்கோணும்னே இருந்துட்டனுங்க"ன்னு அழுவுது. பைபிள்ல தொற்காள்னு ஒரு அம்மா செத்தப்ப விதவைங்க பேதுருகிட்ட அவ செஞ்ச அங்கிகளையும் வஸ்திரங்களையும் காட்டி அழுதாங்களே, அதுதான். எங்கம்மா பைபிளை எடுத்து ஒருத்தருக்கும் பிரசங்கம் பண்ணதில்ல.

மணி அடிச்சுட்டீங்க நடுவர் ஐயா, முடிச்சுக்கறேன். கன்வென்ஷன் ஃபிளெக்ஸ்ல பேசறவங்க பேரு பெருசா இருக்கும், சமைச்சவங்க "மற்றும் சகோதரிகள்"தான். எதிரணி அண்ணன்மாரும் அம்மாவைப் போற்றறோம், வணங்கறோம்னு அழகா பேசுனாங்க. போற்றுனது போதுமுங்க. பின்னால சபை விருந்து ரெடி, சாம்பார் வாளியும் கரண்டியும் அங்கதான் இருக்குது. தீர்ப்பை எப்பிடி வேணா சொல்லுங்க, இன்னைக்கு மொதப் பந்தி பரிமாறறது எதிரணின்னு மட்டும் அதுல சேத்துச் சொல்லிப்போடுங்க.