வாசலில் ஓடும் தண்ணீர்: குஜோ ஹச்சிமானில் ஒரு கோடை நாள்

வணக்கம். காலை ஆறு மணி. எதிர்வீட்டில் சின்னக் குழந்தை தூங்குகிறது, அதனால் குரலைத் தாழ்த்தித்தான் பேசுகிறேன். முதலில் இந்தச் சத்தத்தைக் கேளுங்கள். கேமராவைக் கீழே இறக்குகிறேன். சலசலவென்று கேட்கிறதா? இது ஆறு அல்ல, என் வீட்டு வாசலில் ஓடும் வாய்க்கால். இரண்டு சாண் அகலம்தான் இருக்கும். மலையிலிருந்து இறங்கி வரும் தண்ணீர். ஆகஸ்ட் மாதத்திலும் கையை வைத்தால் சில்லென்று இருக்கிறது.

இந்த ஊர் குஜோ ஹச்சிமான். ஜப்பானின் நடுப்பகுதியில், கிஃபு மாகாணத்து மலைகளுக்கு இடையே இருக்கும் சிற்றூர். மினோ-ஓட்டாவில் நகராகவா ரயிலில் ஏறினால், நகரா ஆற்றை ஒட்டியே ஒற்றைப் பெட்டி டீசல் வண்டி இங்கே கொண்டுவந்து விடும். நான் குடிவந்து இது மூன்றாவது கோடை. நாகோயாவில் இருக்கும் அலுவலகத்துக்கு மாதம் இரண்டு முறை போனால் போதும், மற்ற நாட்களில் வேலை இந்த வீட்டிலிருந்துதான். ஜப்பான் முழுவதும் 90 லட்சம் வீடுகள் ஆளில்லாமல் இருப்பதாக 2023-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு சொல்கிறது. அப்படிப் பூட்டிக் கிடந்த மரவீடுகளில் ஒன்றைத்தான் வாடகைக்கு எடுத்தேன்.

இன்று ஆகஸ்ட் 13. ஓபோன் தொடங்குகிறது. இறந்துபோன முன்னோர்கள் வீட்டுக்கு வந்து தங்கிவிட்டுப் போகும் நாட்கள் என்பது இவர்களுடைய நம்பிக்கை. வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் வந்து இறங்கிவிட்டார்கள். நான் மடிக்கணினியை அலமாரிக்குள் வைத்துவிட்டேன். நான்கு நாட்களுக்கு அதைத் தொடப் போவதில்லை.

இதோ, பக்கத்து வீட்டு ஒபாச்சான் வந்துவிட்டார். பாட்டிகளை இங்கே அப்படித்தான் அழைக்கிறோம். முகத்தைக் காட்ட வேண்டாம் என்றார், கைகளை மட்டும் பாருங்கள். வாய்க்காலின் இரு பக்கமும் கல்லில் ஒரு காடி வெட்டியிருக்கிறது, தெரிகிறதா? அதில் மரப்பலகையைச் செருகுகிறார். தண்ணீர் தடைபட்டு மெல்ல மேலேறுகிறது. ஒரு முழம் ஏறியதும், நீண்ட காம்பு வைத்த மர அகப்பையால் மொண்டு தெருவில் வீசுகிறார். தண்ணீர் விசிறி போல விரிந்து விழுகிறது. தூசி அடங்கி, கல் குளிர்ந்து, மண்வாசனை எழுகிறது. உச்சிமிசு என்பது இதன் பெயர். நம் வீட்டில் வாசல் தெளிப்பதேதான்! சாணமும் கோலமும் இல்லை, ஆனால் அந்தக் கைவீச்சு என் அம்மாவின் கைவீச்சு. முதல் கோடையில் இதைப் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது.

தெளித்து முடித்ததும் பலகையை உடனே எடுத்துவிட்டார், கவனித்தீர்களா? அடுத்த வீட்டுக்குப் போக வேண்டியதும் இதே தண்ணீர்தான். அதை யாரும் சொல்லித் தரத் தேவையில்லை, இங்கே குழந்தைகளுக்கே தெரியும்.

நான் வேலூரில் வளர்ந்தவள். எங்களுக்குக் கோடை என்றால் காலிக் குடங்களின் வரிசை. லாரி எப்போது வரும் என்று தெருமுனையையே பார்த்துக்கொண்டிருப்போம். அக்னி நட்சத்திரத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் கீழே சிந்தினாலும் வீட்டில் ஏச்சு விழும். அப்படி வளர்ந்தவளுக்கு, கொளுத்தும் கோடையில் வாசலிலேயே தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதே பெரிய ஓய்வு. என் உடம்பு அதைப் பழகிக்கொள்ள இரண்டு கோடைகள் ஆயின.

இந்த வாய்க்கால்கள் அழகுக்காக வெட்டியவை அல்ல. 1652-இல் பெருந்தீ ஊரையே எரித்துவிட்டது. அதன் பிறகு தீயை அணைப்பதற்காகவே தெருத்தெருவாகத் தண்ணீரைக் கொண்டுவந்தார்கள். அப்படியும் 1919-இல் இன்னொரு பெருந்தீ. இப்போது இந்தத் தெருவில் தோளோடு தோள் ஒட்டி நிற்கும் மரவீடுகள் அதற்குப் பிறகு கட்டியவை. தாழ்வாரத்தில் வரிசையாகத் தொங்கும் வாளிகளைப் பாருங்கள். தீ வந்தால் எடுப்பதற்காக இன்றும் தொங்குகின்றன.

வாருங்கள், நான்கு வீடு தள்ளி இன்னொன்றைக் காட்டுகிறேன். இந்த அடுக்குத் தொட்டிக்கு மிசுபுனே என்று பெயர். ஊற்றுநீர் முதலில் விழும் மேல்தொட்டி குடிப்பதற்கு மட்டும். அது நிரம்பி வழியும் இரண்டாவது தொட்டியில் காய்கறி கழுவலாம், குளிர வைக்கலாம். இதோ என் தர்பூசணி, நேற்று இரவு போட்டது. பக்கத்தில் மிதக்கும் வெள்ளரிக்காயும் தக்காளியும் வேறு யாருடையவோ. கடைசித் தொட்டியில் பாத்திரம் கழுவுவார்கள். அங்கிருந்து போகும் சோற்றுப் பருக்கைகளைக் கீழே குளத்தில் இருக்கும் கெண்டை மீன்கள் தின்றுவிடும். அதன் பிறகுதான் தண்ணீர் வாய்க்காலுக்குப் போகிறது. மேல்தொட்டியில் அழுக்குக் கையை வைப்பது இந்த ஊரில் நினைத்தே பார்க்க முடியாத காரியம். 1985-இல் ஜப்பான் அரசு நாட்டின் சிறந்த நூறு நீர்நிலைகளைத் தேர்ந்தெடுத்தபோது பட்டியலில் முதலில் இடம்பெற்றது இந்த ஊரின் சோகிசுய் ஊற்று. சோகி என்ற கவிஞரின் பெயர் அதற்கு.

மத்தியானம் ஆகிவிட்டது. புழுக்கம் தாங்கவில்லை. மலையூர் என்பதால் குளுகுளுவென்று இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். ஆற்றின் கீழ்ப்பக்கம் இருக்கும் மினோ நகரில் 2018 ஆகஸ்டில் 41 டிகிரி பதிவானது. இந்த நேரத்தில் தெருவில் ஆள் நடமாட்டமே இருக்காது. நான் பின்கட்டு எங்காவாவில் படுத்திருக்கிறேன். தோட்டத்தைப் பார்த்த மாதிரி மரப்பலகை போட்ட திண்ணை இது. பக்கத்தில் குளிர்ந்த பார்லி தேநீர். தலைமாட்டில் கொசுவர்த்திச் சுருள் புகைகிறது. இந்தச் சுருளே ஜப்பானில் பிறந்தது, தெரியுமா? முதலில் நேர்க்குச்சியாகத்தான் செய்தார்கள், சீக்கிரம் எரிந்து தீர்ந்துவிடும். அதைச் சுருட்டிவிடலாமே என்று யோசனை சொன்னவர் அதைத் தயாரித்தவரின் மனைவி. 1902-இல் சுருள் கடைக்கு வந்தது. வேலூர் வீட்டில் என் தலைமாட்டில் புகைந்ததும் இதே வாசனை.

இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டேன். வாருங்கள், ஆற்றுக்குப் போகலாம்.

இது யோஷிதா ஆறு. அதோ ஷின்பாஷி பாலத்தின் மேல் ஒரு பையன் நிற்கிறான். தண்ணீர் வரைக்கும் 12 மீட்டர். இந்த ஊர்ப் பிள்ளைகள் முதலில் சின்னப் பாறையிலிருந்து குதிப்பார்கள், அடுத்த வருடம் பெரிய பாறை, அதற்கும் பிறகுதான் பாலம். ஆற்றின் ஆழமும் சுழலும் அவர்களுக்குக் காலாலேயே தெரியும். பார்க்க வருகிறவர்கள் தயவுசெய்து குதிக்காதீர்கள், ஆபத்து. குதித்துவிட்டான்! கரையில் நிற்கும் சின்னப் பையன்களின் முகத்தைப் பாருங்கள்.

கீழே இடுப்பளவுத் தண்ணீரில் நிற்பவர் அயு மீன் பிடிக்கிறார். தூண்டிலில் புழு இல்லை, உயிருள்ள இன்னொரு அயுவைத்தான் கட்டி விட்டிருக்கிறார். தன் எல்லைக்குள் வேறொரு அயு நுழைந்தால் இந்த மீனுக்குப் பொறுக்காது. மோதித் துரத்த வரும்போது கொக்கியில் மாட்டிக்கொள்ளும். அவர் ஒரு மீனை என் மூக்கருகே பிடித்தார். மீன் கவிச்சியே இல்லை. இப்போதுதான் அறுத்த வெள்ளரிக்காயின் மணம். இரண்டு வாங்கிக்கொண்டேன். உப்புத் தடவிக் கரியில் சுட்டால் போதும், மசாலா எதுவும் வேண்டாம்.

மணி இப்போது ஏழே முக்கால். குரல் கேட்கிறதா? கூட்டம் சேர்ந்துவிட்டது. குஜோ ஓதோரி என்ற இந்தத் தெரு நடனம் ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் வரை முப்பது இரவுகளுக்கு மேல் நடக்கும். இன்று முதல் நான்கு இரவுகள் மட்டும் விடிய விடிய ஆடுவார்கள். சாமுராய், விவசாயி, வணிகர் என்று பேதம் பார்க்காமல் எல்லோரையும் ஒன்றாக ஆடவைக்கத்தான் அந்தக் காலத்துப் பிரபு இதை ஊக்குவித்தார் என்று சொல்வார்கள். 2022-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தது. தெரு நடுவே நிற்கிறதே மரமண்டபம், அதில்தான் பாடகர்களும் குழலும் ஷாமிசென் என்ற மூன்று நரம்பு வாத்தியமும் முரசும். அதைச் சுற்றி வட்டமாக ஆட வேண்டும். பத்து வகை ஆட்டம். எனக்கு ஏழு நன்றாக வரும், மூன்றுக்கு முன்னால் போகிறவரின் கையைப் பார்த்துக்கொள்வேன்.

என் கெத்தாவைக் காட்டுகிறேன். ஹினோக்கி மரத்தில் செய்த செருப்பு, யுகாத்தா என்ற கோடைப் பருத்தி உடைக்குப் பொருத்தமாகச் சிவப்பு வார். அடியில் இரண்டு பற்கள், பாருங்கள். ஜூலையில் வாங்கியபோது விரல் உயரம் இருந்தன, இப்போது பாதி தேய்ந்துவிட்டன. தார்ச்சாலையில் ஒரே நேரத்தில் ஆயிரம் கெத்தாக்கள் தட்டும் அந்தச் சத்தம்தான் இவர்களுக்குத் தாளம்.

ஒபாச்சான் வட்டத்துக்குள் போய்விட்டார். 'யுக்குரி, யுக்குரி' என்று கை காட்டுகிறார். மெதுவாக வா என்கிறார். முரசு தொடங்கிவிட்டது. இந்த ஆட்டத்தில் கைதட்ட வேண்டும், இரண்டு கையும் வேண்டும். கேமராவைப் பைக்குள் வைக்கிறேன்.