வரி கேட்டால் ஐந்தொகை காட்டுங்கள்

(எங்கள் செட்டிநாட்டு ஊரின் ஊருணிக்கரையில் நடந்த வார்டுக் கூட்டத்தில் பேசியது. மைக் இரண்டு தடவை நின்றுபோனதால் விட்டுப்போனதையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.)

ஆச்சிமார்களே, அண்ணன்மார்களே, வண்டியை விட்டு இறங்காமலே கேட்கிற தம்பிகளே, வணக்கம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் சொத்து வரி உயர்வை எதிர்த்துப் பேச வரவில்லை. சரி, முனகாதீர்கள், முழுசாகக் கேளுங்கள்: கட்டுகிற வரிக்கு ஐந்தொகை, அதாவது வருஷ முடிவு வரவு செலவுக் கணக்கு, கேட்கத்தான் வந்திருக்கிறேன்.

2022 ஏப்ரலில் வந்த உயர்வு ஞாபகம் இருக்கும். 600 சதுர அடிக்குள் உள்ள வீட்டுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் போனால் 100. வேறு ஊரில் 1,800 சதுர அடி என்றால் பெரிய வீடு. இங்கே முகப்பும், முற்றத்தைச் சுற்றிய வளவுமே அதைத் தின்றுவிடும், அப்புறம் இரண்டாங்கட்டு, அடுப்படி என்று பின்வாசல் வரைக்கும் போய்க்கொண்டே இருக்கும். அதனால் நமக்கு வரி இரண்டு மடங்கு ஆனது. நோட்டீஸும் காலமான ஐயா பேரிலேயே வந்தது, ஏனென்றால் பெயர் மாற்றத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பங்காளிகள் ஒரே பேப்பரில் கையெழுத்துப் போட வேண்டும், அது நடக்கிற காரியமா?

"பூட்டிக் கிடக்கிற வீட்டுக்கு எதற்கு இவ்வளவு வரி? ஒரு கைப்பிடி குப்பை போட்டோமா, ஒரு குடம் தண்ணீர் பிடித்தோமா?" என்று சிங்கப்பூரிலிருந்து பங்காளிகள் போனில் கேட்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் வீடுகள் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நிற்பவை, ஒரு வீட்டுக்கு இரண்டு தெருவின் விளக்கும் வாய்க்காலும் வேண்டும். வீட்டைப் பூட்டலாம், வாய்க்காலைப் பூட்ட முடியாது. முன்னோருக்குப் போடுகிற படைப்புக்கு வரும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு "ஊர் கெட்டுப்போச்சு" என்பவர்களும் இவர்கள்தான்.

அதோடு, 2008-க்குப் பிறகு நகராட்சிகளில் நிலைத்து நின்ற உயர்வே இல்லை. 2018-ல் கூட்டினார்கள், 2019-ல் நிறுத்தி வைத்தார்கள். தூய்மைப் பணியாளர் சம்பளமும் டீசல் விலையும் அப்படி நின்றனவா?

என் சண்டை தொகையோடு இல்லை, கேட்ட விதத்தோடு. மத்திய மானியம் வேண்டுமென்றால் சொத்து வரி வசூல் கூட வேண்டும் என்று 15-வது நிதிக்குழு சொன்னது, மாநிலம் அரசாணை போட்டது, நகர்மன்றத்தில் தீர்மானம் நிறைவேறியது. கட்டுகிறவனிடம் யார் கேட்டார்கள்? இப்போது ஆண்டுதோறும் 6 சதவீதமாவது கூடும் என்று விதியே வந்துவிட்டது.

கட்டுகிறவனைக் கேட்டுக் கூட்டுகிற இடமும் உண்டு. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், 1980-ல் மக்களே ஓட்டுப் போட்டு ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். புதுக் கட்டடங்களால் வருவது போக, ஓர் ஊரின் மொத்த சொத்து வரி ஆண்டுக்கு இரண்டரை சதவீதத்துக்கு மேல் கூடக் கூடாது. அதற்கு மேல் வேண்டுமா, ஊர் மக்களிடம் ஓட்டுக்கு விட வேண்டும். அந்த வாக்குச்சீட்டிலேயே எத்தனை டாலர், எதற்காக என்று அச்சடித்திருக்க வேண்டும். பள்ளிக்கூடம், தீயணைப்பு, நூலகம் எல்லாம் அந்தப் பணத்தில்தான் ஓடுகின்றன. வேண்டாம் என்று ஓட்டுப் போட்டுவிட்டு, பிறகு நூலகம் சீக்கிரம் மூடுகிறதே என்று புலம்பும் ஊர்களும் அங்கே உண்டு, அது வேறு கதை.

இதைக் கேட்டு வாயைப் பிளக்க வேண்டியதில்லை. நகரத்தார் கோயிலுக்குக் கட்டுகிற புள்ளி வரி நமக்குத் தெரியாததா? கல்யாணமானால் அந்தக் குடும்பம் ஒரு புள்ளி, கோயில் காரியத்துக்குப் புள்ளிக்கு இவ்வளவு என்று கூடிப் பேசித்தானே வைக்கிறார்கள். குறையும் உண்டு: இருக்கப்பட்ட புள்ளிக்கும் இல்லாத புள்ளிக்கும் ஒரே தொகை, ஊரில் மற்ற சாதிக்காரர்களுக்கு அந்தக் கூட்டத்தில் இடமே இல்லை. அந்த வகையில் சதுர அடிக் கணக்கு எவ்வளவோ மேல். ஆனால் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வியாபாரத்துக்கு, போன இடத்திலும் வருஷம் முடிந்தால் ஐந்தொகை எடுத்து முதலாளிக்கு அனுப்பியவர்கள் நம் ஆட்கள். இன்று நாம் கட்டுகிற வரிக்கு ஐந்தொகை எங்கே? நம் வார்டில் வசூலானது எவ்வளவு, அதில் இந்த வாய்க்காலுக்கு வந்தது எவ்வளவு?

கேட்க இடம் இருக்கிறது. வார்டு மக்கள் கூடிக் கேள்வி கேட்கிற பகுதி சபைக்கு 2022-லேயே விதி போட்டாயிற்று. போன தடவை வந்தவர்களை எண்ணினேன், டீ கொண்டுவந்த பையனோடு பதினோரு பேர்.

நான் ஏப்ரல் 30-க்குள் கட்டி, 5 சதவீதத் தள்ளுபடியையும் விடாமல் வாங்கிக்கொண்டு, ரசீதோடு அடுத்த சபைக்கு வருகிறேன். நீங்களும் ரசீதை எடுத்துக்கொண்டு வாருங்கள். உட்கார ஜமக்காளம் நான் கொண்டுவருகிறேன்.