விறாந்தையில் போட்ட வாங்கு

(யாழ்ப்பாணத்தில் சனசமூக நிலைய நிர்வாகிகள் மத்தியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

கோயில், பாடசாலை, கூட்டுறவுச் சங்கம் என்று ஏதோ ஒரு நிர்வாக சபையில் இருப்பவர்கள்தான் இங்கே கூடியிருக்கிறீர்கள். ஒரே விஷயத்தை நாலு பேர் நாலு விதமாகக் கேட்பார்கள். நாலு பேரும் எங்கள் ஆட்கள். அந்தச் சங்கடத்தை நான் உங்களுக்கு விளக்கத் தேவையில்லை.

நான் செயலாளராக இருந்த ஒரு வாசிகசாலைக்குக் காலையில் பேப்பர் வந்ததும் ஒரு வயதானவர் வருவார். உள்ளே கதிரைகள் காலியாகக் கிடக்கும். அவர் வாசல் நிலையில் தோளைச் சாய்த்து, நின்றபடியே வாசிப்பார். காரணம் சாதி. ஊருக்கே தெரியும், ஒருவரும் வாய் திறப்பதில்லை. ஒரு கூட்டத்தில் தலைவர், "பாவம், கால் நோகுமல்லோ. விறாந்தையில் ஒரு வாங்கு போட்டுவிடுவம்" என்றார். எல்லோருக்கும் சந்தோஷம். "ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது" என்று கூட்டறிக்கைப் புத்தகத்தில் என் கையால் எழுதினேன். அவர் வெளியே நிற்பதை அன்றோடு நிரந்தரமாக்கிவிட்டோம் என்பது எனக்கு உறைக்கக் கனநாள் சென்றது.

எங்கள் மண்ணில் இது பழைய வழக்கு. அரசாங்க உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் கொடுக்க வேண்டும் என்று 1930ஐ ஒட்டிய காலத்தில் கல்வித் திணைக்களம் பணித்தது. அதுவரை ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் நிலத்தில் இருந்தார்கள், சில இடங்களில் வகுப்புக்கு வெளியே. சம ஆசனத்தை எதிர்த்து மனுக்கள் போயின. பாடசாலைகளுக்கு நெருப்பும் வைத்தார்கள். ஹன்டி பேரின்பநாயகம் போன்ற இளைஞர்கள் 1924இல் தொடங்கி, பின்னாளில் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் என்று பேர் பெற்ற இயக்கம் சம ஆசனத்தின் பக்கம் நின்றது.

அன்றைய பாடசாலை முகாமையாளரை நினைத்துப் பாருங்கள். ஒரு தகப்பன், "என் பிள்ளைக்கும் வாங்கில் இடம் வேண்டும்" என்கிறார். இன்னொருவர், "அவன் இருக்கிற வாங்கில் என் பிள்ளை இருக்காது" என்கிறார். ஒன்று இடம் கேட்பது, மற்றது அடுத்தவன் இடத்தைப் பறிக்கக் கேட்பது. இரண்டையும் ஒரே தராசில் போட்டு நடுவில் ஒரு முடிவு எடுத்தால், அந்தப் பிள்ளை பாதி உடம்பை வாங்கிலும் பாதியை நிலத்திலுமா வைக்கும்?

இடம் கேட்பவர்கள் மோதிக்கொண்டால் பேசித் தீர்க்கலாம். திருவிழா லவுட்ஸ்பீக்கருக்கும் சாதாரண தரப் பரீட்சைக்கும் நேரம் பிரித்துக் கொடுக்கலாம். 2016 ஜூலையில் யாழ். பல்கலைக்கழகப் புதுமுக மாணவர் வரவேற்பில் சிங்கள மாணவர்களின் கண்டிய நடனமும் சேர வேண்டும் என்ற பிரச்சினை கைகலப்பில் முடிந்தது. அந்த ஊர்வலத்தில் தவில், நாதஸ்வரத்தோடு அதற்கும் இடம் இருந்தது என்பதுதான் என் எண்ணம்.

சரி, எல்லோருக்கும் ஒரே விதி என்று வைத்தால் போதுமா? போதாது. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ். நகர முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் சில மணி நேரத்துக்குள் வெளியேற்றினார்கள். அன்று ஒரு குடும்பமாகப் போனவர்கள், பிள்ளைகள் கலியாணம் கட்டி, நாலு குடும்பமாகத் திரும்புகிறார்கள். காணி பழைய ஒன்றுதான். "தொடர்ந்து இங்கே வசித்ததற்கு அத்தாட்சி கொண்டு வாருங்கள்" என்று ஒரு அலுவலகம் கேட்டால், அந்த விதி பார்வைக்குச் சமமானது. துரத்தப்பட்டவர் எங்கே போய் அந்தக் கடதாசியை எடுப்பார்?

அந்த வாங்குக்கு வருகிறேன். அதை எடுத்துவிட வேண்டும் என்று பிறகு நானே பிரேரித்தேன். இரண்டு பேர் கடுமையாக எதிர்த்தார்கள். கூட்டம் இரவு பத்து மணி தாண்டியும் போனது. இந்த முறை ஏகமனதாக என்று எழுதவில்லை, யார் எதிர்த்தார்கள் என்பதையும் எழுதினேன். அடுத்த நாள் அவர் வந்து வாசலில் நின்றார். நான் பேப்பரை உள்ளே மேசையில் விரித்து, ஒரு கதிரையை இழுத்துப் போட்டேன். அவர் வந்து அதில் இருக்க ஒரு கிழமை ஆனது.