லிமா சத்து, தீகா கோசோங்: எங்க தோட்டத்துல 2010 டிசம்பர்

[காட்சி: செம்பனை மரங்களுக்கு நடுவுல செம்மண் பாதை. கடைசியில ஒரு பழைய திடல், துருப்பிடிச்ச கோல் கம்பம்.]

வணக்கம். நான் இப்ப நிக்கிறது பெஸ்தாரி ஜெயா பக்கத்துல, கோலசிலாங்கூர் மாவட்டம். ஊருக்குப் பேரு மாத்திப் பல வருஷம் ஆச்சு. எங்க வீட்டுல இன்னும் பத்தாங் பெர்ஜுந்தாய்தான். இங்க தென்னமரம்னே ஒரு தோட்டம் இருக்கு. மலாய்ல எழுதினாலும் அதே பேருதான்.

காற்பந்துல மலேசியா இந்தோனேசியாவை ஜெயிச்சு சுசுகி கிண்ணத்தைத் தூக்கின கதை நம்ம எல்லாருக்கும் தெரியும். ஆனா எங்க தோட்டத்துல அது வேற மாதிரி நடந்துச்சு. ஏன்னா, எதிரணி எங்களுக்கு டிவியில மட்டும் இல்ல, பக்கத்து லயத்துலயும், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகள்லயும் இருந்துச்சு.

அந்தக் காலகட்டத்துல நம்ம ஆளுங்க நிறைய பேரு டவுனுக்குப் போயிட்டாங்க. செம்பனைக் குலை வெட்டுறதுக்கு இந்தோனேசியாவுல இருந்து ஆளுங்க வந்திருந்தாங்க. எங்கப்பா தோட்டத்தை விட்டுப் போகல. அவருக்கு ஜோடியா வேலை செஞ்சவரு கிழக்கு ஜாவாக்காரரு. அப்பா அவரை மாஸ்னு கூப்பிடுவாரு, ஜாவாக்காரங்க அண்ணனைக் கூப்பிடுற மாதிரி. அவரு அப்பாவை அண்ணேன்னுதான் கூப்பிடுவாரு. ஒருத்தர் குலையை வெட்டித் தள்ளுவாரு, இன்னொருத்தர் உதிரிப் பழம் பொறுக்குவாரு. பத்து மணிக்கு ரெண்டு பேரும் ஒரே மரத்தடியில உக்காந்து சாப்பிடுவாங்க.

[காட்சி: தென்கிழக்காசிய வரைபடம். ஜகார்த்தா, கோலாலம்பூர், ஹனோய் மேல புள்ளி.]

முதல்ல போட்டியைப் பத்திக் கொஞ்சம். தென்கிழக்காசிய நாடுகளுக்குள்ள ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை நடக்குற கிண்ணம் இது. 1996ல ஆரம்பிச்சது. அந்த முதல் வருஷமே நாம இறுதிக்குப் போயி தாய்லாந்துகிட்ட 0-1னு தோத்தோம். அப்புறம் 2010 வரைக்கும் கிண்ணம் நம்ம கைக்கு வரவே இல்ல.

டிசம்பர் 1, புதன்கிழமை. முதல் ஆட்டமே ஜகார்த்தாவுல, இந்தோனேசியாவோட. முதல் கோல் நம்மளோடது, நோர்ஷாருல் அடிச்சாரு. டவுன்ல மாமாக் கடையில, அதாவது இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில, நாங்க மேசையைத் தட்டித் தட்டிக் கத்துனோம். அப்புறம் வரிசையா வாங்குனோம். கடைசியில 5-1.

மறுநாள் காலையில பெரட்டுல, அதாவது வேலைக்கு ஆள் கூடுற இடத்துல, இருட்டு விலகுறதுக்கு முன்னாடியே, மாஸ் அஞ்சு விரலையும் விரிச்சுக் காட்டினாரு. "லிமா சத்து, அண்ணே!" மலாய்ல அஞ்சு-ஒண்ணுன்னு அர்த்தம். அப்பா பதில் பேசல. அன்னிக்கு மத்தியானம் வீட்டுக்கு வந்தும் பேசல.

இப்ப நான் சொல்லப் போற விஷயத்தை நிறைய பேரு மறந்துட்டாங்க. தயவுசெஞ்சு கவனமா கேளுங்க. அந்தத் தோல்விக்கப்புறம் நாம தாய்லாந்தோட 0-0. லாவோஸை 5-1னு அடிச்சோம். மொத்தம் நாலு புள்ளி. பிரிவுல முதல் ரெண்டு இடத்துக்குத்தான் அரையிறுதி. தாய்லாந்து ரெண்டு ஆட்டத்தையும் சமன்ல முடிச்சு ரெண்டு புள்ளியோட நின்னாங்க. அவங்க கடைசி ஆட்டம் இந்தோனேசியாவோட. அதுல ஜெயிச்சிருந்தா அஞ்சு புள்ளி, நாம மூட்டை கட்டியிருக்கணும். இந்தோனேசியா ஏற்கெனவே அரையிறுதிக்குப் போயாச்சு. அவங்களுக்கு அந்த ஆட்டத்துல எந்தக் கட்டாயமும் இல்ல. ஆனாலும் விட்டுக் கொடுக்காம ஆடி, 2-1னு தாய்லாந்தைத் தோக்கடிச்சாங்க. நம்மளை அரையிறுதிக்குக் கொண்டு போனதுல அவங்க கையும் இருக்கு. நமக்கு எதிரா ஆடின ஒரு அணிக்கு நான் மனசார நன்றி சொல்ல முடியும்னா, அது இந்த ஒரு ஆட்டத்துக்காகத்தான்.

அரையிறுதியில நடப்பு வெற்றியாளர் வியட்நாம். கோலாலம்பூர் புக்கிட் ஜாலில் ஸ்டேடியத்துல 2-0, ரெண்டுமே சாஃபி சாலி. ஹனோய்ல 0-0. இறுதிக்குப் போயாச்சு. எதிர்ல மறுபடியும் இந்தோனேசியா.

[காட்சி: பயிற்றுநர் கே. ராஜகோபாலின் பேர் மட்டும் திரையில்.]

இங்க ஒரு நிமிஷம் நிக்கணும். அந்த அணியோட பயிற்றுநர் கே. ராஜகோபால். அப்பாவோட தலைமுறைக்குக் கோல் காவலர்னா "ஸ்பைடர்மேன்" ஆர். ஆறுமுகம். 1980ல மெர்டேக்கா ஸ்டேடியத்துல தென்கொரியாவை 2-1னு ஜெயிச்சு, மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி வாங்கியும், நாடு புறக்கணிச்சதால போக முடியாமப் போன கதையை அப்பா நூறு தடவை சொல்லியிருப்பாரு. அப்படிப்பட்ட மனுஷனுக்கு, தேசிய அணி ஓரத்துல நம்ம பேரு உள்ள ஒருத்தர் நிக்கிறதைப் பாக்குறது எவ்வளவு பெருசுன்னு நான் விளக்கத் தேவையில்ல.

ராஜகோபாலுக்கு இந்த மாதிரி நிலைமை புதுசு இல்ல. ஒரு வருஷம் முன்னாடி, 2009 சீ விளையாட்டு, அதாவது தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டி, லாவோஸ். பிரிவு ஆட்டத்துல வியட்நாம்கிட்ட 1-3னு தோல்வி. இறுதியில அதே வியட்நாமை 1-0னு ஜெயிச்சு, 20 வருஷத்துக்கப்புறம் காற்பந்துத் தங்கம். அதனாலதான் 1-5க்கப்புறமும் அப்பா நம்பிக்கையை விடல. "நம்ம ராஜகோபால் ஒரு தடவை பார்த்த அணிகிட்ட ரெண்டாவது தடவை தோக்க மாட்டாரு"ன்னு சொல்லிகிட்டே இருந்தாரு. அவருக்கு அது வேதவாக்கு மாதிரி.

இறுதி ஆட்டம் ரெண்டு சுற்று. ஒண்ணு இங்க, ஒண்ணு அங்க. ரெண்டுலயும் அடிச்ச கோலைக் கூட்டிப் பாப்பாங்க.

டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. புக்கிட் ஜாலில் நிரம்பி வழிஞ்சுது. மாமாக் கடையில திரை கட்டியிருந்தாங்க. முன்னாடி நாங்க, பின்னாடி மேசையில மாஸும் அவரு கூட்டாளிங்களும் சிவப்பு சட்டையில.

முதல் பாதி 0-0. ரெண்டாவது பாதியில ரசிகர்கள் சில பேரு இந்தோனேசிய ஆட்டக்காரங்க மேல லேசர் வெளிச்சம் அடிச்சதால ஆட்டம் நின்னுச்சு. அது தப்பு. அன்னிக்கே எனக்கு வெக்கமா இருந்துச்சு, திரும்பி மாஸ் முகத்தைப் பார்க்க முடியல. கோல் காவலர் கண்ணுல வெளிச்சம் அடிச்சு ஒரு வெற்றி நமக்கு வேணவே வேணாம்.

ஆட்டம் திரும்ப ஆரம்பிச்சுது. 61வது நிமிஷம். நோர்ஷாருல் கோல் கோட்டை ஒட்டியே பந்தை எடுத்துகிட்டுப் போயி, தடுக்க வந்தவரை ஏமாத்தி, நடுவுல நின்ன சாஃபிக்குத் தள்ளுனாரு. கோல்! ஜகார்த்தாவுல 1-5னு தோத்தப்ப ஒரே கோல் அடிச்ச அதே நோர்ஷாருல்! 68ல அஷாரி. 73ல மறுபடியும் சாஃபி. பன்னிரண்டு நிமிஷத்துக்குள்ள மூணு. கடைக்கார மாமா தே கலக்குறதை நிப்பாட்டிட்டுக் கைதட்டினாரு. எங்கப்பா நாற்காலி மேல ஏறி நின்னாரு. அவரை அப்படி நான் பார்த்ததே இல்ல.

கடையை விட்டு வெளிய வரும்போது அப்பா மாஸ்கிட்ட மூணு விரலைக் காட்டினாரு. மெதுவா, மரியாதையா. "தீகா கோசோங், மாஸ்." மூணு-பூஜ்யம்.

[காட்சி: ஜகார்த்தா, கெலோரா புங் கார்னோ ஸ்டேடியம். வெளித்தோற்றம்.]

மூணு நாள் கழிச்சு ஜகார்த்தா. ஆரம்பத்துலயே அவங்களுக்குப் பெனால்டி. ஃபிர்மான் உத்தினா அடிச்சாரு, நம்ம கோல் காவலர் கைருல் ஃபாமி பிடிச்சாரு. என்னைக் கேட்டா கிண்ணம் நம்ம கைக்கு வந்தது அந்த நொடியிலதான். அது உள்ள போயிருந்தா, அவ்வளவு பெரிய கூட்டத்தோட சத்தத்துல 3-0 ரொம்பச் சின்னதாத் தெரிஞ்சிருக்கும். 54வது நிமிஷம் சாஃபி இன்னொண்ணு போட்டாரு. கூட்டிப் பார்த்தா 4-0. அவங்க கடைசி வரைக்கும் விடல, நசுஹாவும் ரிட்வானும் அடிச்சு ஆட்டத்தை 2-1னு ஜெயிச்சாங்க. ஆனா மொத்தத்துல 4-2. கிண்ணம் நமக்கு.

டிசம்பர் 31 நாடு முழுக்கப் பொது விடுமுறைன்னு பிரதமர் அறிவிச்சாரு. மலேசியா ஜெயிச்சதுக்குக் கிடைச்ச அந்த லீவு, மாஸுக்கும் லீவு. காலையில எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னாரு, கையில ஒரு பை வறுத்த கடலை. அம்மா தோசை சுட்டாங்க. அப்பா ஆட்டத்தைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. மாஸ்தான் ஆரம்பிச்சாரு: "அண்ணே, தாய்லாந்தை நாங்க அடிக்கலன்னா உங்களுக்கு ஏது கிண்ணம்?"

அப்பா ரொம்ப நேரம் யோசிச்சு, "அது உண்மைதான்"னு சொன்னாரு.

அடுத்த வருஷம் சாஃபி சாலி இந்தோனேசியாவுல பெலித்தா ஜெயா கிளப்புக்கு ஆடப் போனாரு. அந்தச் செய்தி வந்த அன்னிக்குப் பெரட்டுல மாஸ் எங்கப்பாவைத் தேடிகிட்டு ஓடி வந்தாரு. "சாஃபி இனிமே எங்க ஆளு, அண்ணே!"