வயல்காட்டுக்கும் வந்துவிட்ட சர்க்கரை

வணக்கம் நேயர்களே. "சுகரெல்லாம் டவுன்காரங்களுக்கு வர்றது, காட்டுல மேட்டுல வேலை செய்யறவங்களுக்கு எப்படி வரும்?" இந்தக் கேள்வியை கிராமங்களில் அடிக்கடி கேட்கிறேன். ஒரு காலத்தில் அதில் நியாயம் இருந்தது. இப்போது அந்த நம்பிக்கையே ஆளைக் கெடுக்கிறது.

2008 முதல் 2020 வரை 31 மாநிலங்களிலும் யூனியன் பிரதேசங்களிலும் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவோடு, சென்னையிலிருக்கும் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை அதை ஒருங்கிணைத்தது. 20 வயது தாண்டிய 1,13,043 பேர் அதில் பங்கேற்றார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களை மட்டும் எண்ணியிருந்தால், நோய் இருப்பதே தெரியாமல் வீட்டிலிருப்பவர்கள் கணக்கில் வந்திருக்கவே மாட்டார்கள். அதனால் வீடு வீடாகப் போனார்கள். வெறும் வயிற்றில் விரலில் ரத்தம் எடுத்து, குளுக்கோஸ் கரைசல் குடிக்கக் கொடுத்து, 2 மணி நேரம் கழித்து மறுபடி எடுத்தார்கள்.

2023-இல் முடிவுகள் வெளியாயின. சர்க்கரை நோய் நகரத்தில் 16.4 சதவீதம், கிராமத்தில் 8.9 சதவீதம். பார்த்தீர்களா, கிராமத்தில் பாதிதானே என்று தோன்றும். ஆனால் நோய்க்கு முந்தைய நிலை என்று ஒன்று உண்டு. வெறும் வயிற்றிலேயே சர்க்கரை கொஞ்சம் கூடி, நோயின் அளவை எட்டாமல் இருக்கும்; அல்லது குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரத்துக்குப் பிறகும் சர்க்கரை அளவு 140-க்குக் கீழே இறங்காமல், 200-ஐயும் தொடாமல் நிற்கும். இந்த நிலையில் இருப்பவர்கள் நகரத்தில் 15.4, கிராமத்தில் 15.2 சதவீதம். வித்தியாசமே இல்லை! கிராமத்தில் நாளைய நோயாளிகள் இப்போதே வரிசையில் நிற்கிறார்கள் என்றுதான் நான் இதைப் படிக்கிறேன். உழவுக்கு டிராக்டர் வந்துவிட்டது, பக்கத்துத் தெருவுக்கும் வண்டியில்தான் போகிறோம். கேழ்வரகும் கம்பும் இருந்த தட்டில் மூன்று வேளையும் தீட்டிய அரிசி.

இந்த நிலையிலேயே தடுக்க முடியுமா? முடியும். முந்தைய நிலையில் இருந்த 531 பேரைச் சென்னையில் சுமார் மூன்று ஆண்டுகள் கவனித்து வந்தார்கள். 2006-இல் வெளியான அந்த ஆய்வில், வழக்கமான பொது அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 100-க்கு 55 பேருக்கு நோய் வந்தது. தினமும் நடக்கவும் சாப்பாட்டை மாற்றவும் தொடர்ந்து வழிகாட்டப்பட்டவர்களில் சுமார் 39 பேருக்குத்தான் வந்தது. அதோடு மாத்திரையும் சேர்த்துக் கொடுத்தபோது கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை. மாத்திரைதான் வைத்தியம் என்று நினைக்கிற நம் ஊரில் இதை உரக்கச் சொல்ல வேண்டும்.

சரி, நமக்கு ஆபத்து எவ்வளவு? வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். சென்னை ஆய்வாளர்கள் 2005-இல் வெளியிட்ட ஒரு மதிப்பெண் கணக்கு இருக்கிறது. பேனாவும் தையல்காரர் டேப்பும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வயது 35 முதல் 49 என்றால் 20, 50-ம் அதற்கு மேலும் என்றால் 30. அடுத்து இடுப்புச் சுற்றளவு: பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் ஒன்றுமில்லை, 80 முதல் 89 வரை 10, 90 தொட்டால் 20. ஆண்களுக்கு இதே கணக்கு 90-லும் 100-லும் தொடங்கும். உடற்பயிற்சியும் இல்லை, உட்கார்ந்த வேலைதான் என்றால் 30, உடற்பயிற்சி அல்லது கடும் உழைப்பு, இரண்டில் ஒன்று மட்டும் என்றால் 20, இரண்டும் உண்டு என்றால் பூஜ்யம். அப்புறம் பெற்றோரில் ஒருவருக்குச் சர்க்கரை என்றால் 10, இருவருக்கும் என்றால் 20.

கூட்டிப் பாருங்கள். 60-ம் அதற்கு மேலும் வந்தால், உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும் இந்த வாரமே பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ரத்தம் பார்த்துவிடுங்கள். காலையில் எதுவும் சாப்பிடாமல் போங்கள், டீ காபிகூட வேண்டாம். வீட்டில் 35 தாண்டியவர்கள் யார் இருந்தாலும் அவர்களுக்கும் டேப்பை வைத்து அளந்து பாருங்கள். நன்றி, வணக்கம்.